தமிழில் மட்டும்

"அந்த வழக்குச் செலவு அறிவிப்பைத் தமிழ்ல மட்டும் போடுங்க, அமலா," என்றார் இயக்குநர் அசோக்.

"மட்டும்னா, சார்?"

"இங்கிலீஷ் வேண்டாம். மலாய், சீனமும் வேண்டாம். அமைச்சு அனுப்பின கடிதத்தைப் பாருங்க. 'ஏதேனும் ஓர் அதிகாரத்துவ மொழியில், பதினான்கு நாள், பொதுமக்கள் பார்வைக்கு.' தமிழும் அதிகாரத்துவ மொழிதானே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர்களுடையது கடைப் பெயர்ப்பலகைகளுக்கு அனுமதி தரும் துறை. லிட்டில் இந்தியாவில் இட்லிக் கடை வைத்திருக்கும் பூவம்மாவுக்கு, பலகை அளவு மீறித் தொங்குகிறது என்று அபராதம் போட்டார்கள். பூவம்மா நீதிமன்றத்துக்குப் போனார். அளக்கப் போன அதிகாரி, பொங்கலுக்குக் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தையும் பலகையோடு சேர்த்து அளந்துவிட்டது அங்கேதான் தெரிந்தது.

துறை தோற்றது. பூவம்மாவின் வழக்குச் செலவு 41,360 வெள்ளியைத் துறையே கட்டியது. கட்டியதை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே சார் இப்படிப் பண்றீங்க?"

"நான் எங்க மறைக்கிறேன்? போடத்தானே சொல்றேன்."

"நம்ம ஆளுங்க படிப்பாங்க, சார்."

"நானும் தமிழன்தாம்மா, எனக்குத் தெரியாதா? சரி, ஒரு பந்தயம். பதினாலு நாள்ல இதைப் படிச்சுட்டு ஒரே ஒரு ஆள் ஃபோன் பண்ணிக் கேட்கட்டும். மறுநாளே நாலு மொழியிலயும் போடுவோம், இணையத்துலயும் போடுவோம். யாரும் கேட்கலைன்னா கழற்றி ஃபைல்ல வெச்சிடணும். சரியா?"

"சரி, சார்."

ஆறு வருடங்களாகத் துறையின் தமிழ் அறிவிப்புகளை எழுதுகிறவள் அமலா. அவற்றை யாராவது படிக்கிறார்களா என்று அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை. இப்போது விசாரித்தாக வேண்டியிருந்தது.

என்ன வழக்கு, ஏன் தோற்றோம், எவ்வளவு கட்டினோம். எல்லாம் ஆறே வரி. கீழே தன் மேசைத் தொலைபேசி எண். பெரிய எழுத்தில் அச்சடித்து, தரைத்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

முதல் நாளே ஓர் இளைஞர் நின்று படம் எடுத்தார். அமலா ஓடிப் போய்ப் பார்த்தாள். அவர் எடுத்தது, அறிவிப்புக்குக் கீழே இருந்த வைஃபை கடவுச்சொல்லை.

நான்காம் நாள் பெரியவர் ஒருவர் கால்மணி நேரம் அதன் முன்னாலேயே நின்றார்.

"எழுத்து தெளிவா இருக்கா, ஐயா?"

"எந்த எழுத்து? இந்த இடத்துலதாம்மா ஏர்கான் நல்லா அடிக்குது."

ஏழாம் நாள் தமிழ்ச் சங்கச் செயலாளர் மாசிலாமணி வந்தார். தமிழ்மொழி மாத விழாவுக்குப் பதாகை கட்ட அனுமதி வேண்டுமாம்.

"வீட்டுக்கு வீடு தமிழ் வாழணும்மா!" என்றவர், விண்ணப்பத்தை அறிவிப்பின் மேலேயே வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, உங்க கைக்கு அடியில இருக்கிறதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்."

மாசிலாமணி கையை எடுத்துப் பார்த்தார். "இங்கிலீஷ் காப்பி இருந்தா குடும்மா. சட்டுனு பார்த்துடறேன்."

தினமும் மாலையில் இயக்குநர் அமலாவின் மேசைப் பக்கம் வருவார்.

"ஃபோன் வந்துச்சா?"

"இல்ல, சார்."

முதல் வாரம் சிரித்துக்கொண்டே போனார். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. பாவம் பார்க்கிறார் என்று அமலா நினைத்தாள். அவர் சிரித்ததைவிட அது அதிகமாகக் குத்தியது.

பதின்மூன்றாம் நாள், பக்கத்து மேசை நிதீஷ் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, பேசாம உங்க அண்ணனை ஒரு கால் பண்ணச் சொல்லுங்க லா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவர் அறிவிப்பைப் படிக்கலையே."

"அதனால என்ன?"

"படிக்காத ஆளை வெச்சு நான் ஜெயிச்சா, யாரும் படிக்க மாட்டாங்கன்னு சார் நினைக்கிறதுதான் சரின்னு ஆயிடும்."

பதினான்காம் நாள். அலுவலகம் மூடுவது ஐந்தரை மணிக்கு. ஐந்து இருபதுக்கு, அறிவிப்பைக் கழற்றப் போகலாம் என்று அமலா எழுந்தாள்.

தொலைபேசி அடித்தது.

"வணக்கம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்பைப் படித்தேன்." ஆண் குரல். தொண்டை கட்டியதுபோல் இருந்தது. "நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது வெள்ளி! பலகை எது, தோரணம் எது என்று தெரியாமல் போனதற்கு இவ்வளவா? மக்கள் பணம் அம்மா இது."

அமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

"ஐயா, முழுசாப் படிச்சீங்களா?"

"ஒருமுறை இல்லை, தினமும் படித்தேன். வேறு யாராவது படிக்கிறார்களா என்று நின்றும் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை. தமிழில் எழுதினால் ஒளித்து வைத்த மாதிரி என்றால், அது... அது ரொம்ப வெட்கமாக இருக்கிறது. நான்கு மொழியிலும் போடுங்கள்."

"கண்டிப்பா, ஐயா! உங்க பேரு?"

"பொதுமக்களில் ஒருவன் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

வைத்துவிட்டார்.

நிதீஷ் நாற்காலியோடு உருண்டு வந்தான். "யாருக்கா அது? நம்பர் விழுந்திருக்குமே, பாருங்க."

அமலா தொலைபேசியின் சின்னத் திரையைப் பார்த்தாள். வெளியிலிருந்து வந்த அழைப்பென்றால் எட்டு இலக்கம் இருக்கும். இருந்தது மூன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கண்ணாடி அறைக்குள் இயக்குநர் அசோக், செருமிச் செருமித் தன் பழைய குரலை வரவழைத்துக்கொண்டிருந்தார்.