அடிக்கம்பி

ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸை அவள் நின்றுகொண்டுதான் வாசிப்பாள். அடியில் உள்ள இரும்புக் கம்பியை இழுத்துத் திருகி, வாத்தியத்தின் கழுத்துமுனை தன் புருவத்துக்கு நேராக நிற்கும்படி வைத்தால்தான் அவள் முதுகு பிழைக்கும். கொஞ்ச நாளாக, வாசிக்க எடுக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி, அவளைவிடக் குள்ளமான யாருக்கோ வைத்ததுபோல் உள்ளே போயிருந்தது.

“திருகு தேஞ்சிருக்கும்,” என்றார் கணவர்.

தேய்ந்த திருகென்றால் வாத்தியம் கீழேதான் இறங்கும். இதுவோ வளர்கிற பிள்ளைக்கு வைப்பதுபோல் நாளுக்கு நாள் மேலே ஏறியது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வில்லைப் பாதி இழுப்பில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்ப்பாள். கம்பி ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும்.

“நான் தூங்கறப்பல்லாம் விரலாலயே மீட்டிட்டிருக்க. புதுசா கத்துக்கறவ மாதிரி,” என்று ஒருநாள் கணவர் சலித்துக்கொண்டார்.

அவள் விரலால் மீட்டி வருஷக்கணக்காகிறது.

நேற்று கடைக்குப் போய்த் திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாத்தியத்தின் முன்னால் போய் நின்றாள். கம்பியைத் தொட வேண்டிய வேலையே இல்லை. கழுத்துமுனை அச்சாக அவள் புருவத்துக்கு நேராக இருந்தது. வீட்டுச் சாவி இன்னும் அவள் கையில் இருந்தது.

“ஏன் நிறுத்திட்ட?” என்று உள்ளறையிலிருந்து கணவர் கேட்டார். “இப்பத்தான் வில்லு உன் கைக்கு வந்திருக்கு. வாசி.”