அம்மா சொல்லட்டும்

சாத்திய சன்னலின் கண்ணாடி வழியே மழை நாளின் வெளிச்சம் சாம்பலாக இறங்கி, அம்மாவின் கட்டில் விளிம்போடு நின்றுவிடுகிறது. அவள் கண்ணை மூடிக் கிடக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய தொண்டையில் இப்போது சளி மட்டும் கரகரக்கிறது. கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் நான்கு ஆங்கில எழுத்துக் கட்டைகள்: டி, ஈ, ஏ, எம். இருபுறமும் அண்ணனும் தம்பியும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வார்த்தை விளையாட்டில் மட்டும் வாய் திறந்தாக வேண்டும். அர்த்தம் சொல்லாத வார்த்தை செல்லாது என்பது சின்ன வயதில் அம்மா போட்ட சட்டம். அண்ணன் கட்டைகளை நகர்த்துகிறார். “டீம். குழு.” தம்பி அதே நான்கையும் கலைத்து அடுக்குகிறான். “மீட். இறைச்சி.” “டேம். சாதுவா பழகினது.” “மேட். கூட்டாளி.” சொல்லிவிட்டுத் தம்பி சுவரைப் பார்க்கிறான். மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றுகிறது. இருவருக்கும் தெரிந்த வார்த்தைகள் தீர்ந்துவிட்டன. அண்ணன் வெகுநேரம் கட்டைகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, கைக்கு வந்தபடி ஒன்றை அடுக்குகிறார். “எட்மா.” “அர்த்தம்?” “ஒரு மாதிரி கொக்கு.” பொய் வார்த்தை வைத்தால் அம்மா அரைத்தூக்கத்திலும் உச்சுக்கொட்டி, “எடுடா அதை” என்பாள். முந்தாநாள்கூடச் சொன்னாள். இருவரும் அவள் உதட்டையே பார்க்கிறார்கள். கரகரப்பு மட்டும் ஏறி இறங்குகிறது. அண்ணன் கட்டைகளைக் கலைக்கக் கை நீட்டுகிறார். “இருக்கட்டும்ணா,” என்கிறான் தம்பி. “அம்மாவே சொல்லட்டும்.”