சுடாத தாடை

"சுட வேண்டாம். அச்சடிச்சு ஈரம் காய்ஞ்சதும் அப்படியே குடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

சூளைக்காரம்மாவால் தன் காதையே நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எலும்புக்குப் பதில் வைக்கும் பீங்கான் துண்டுகளை அச்சடிக்கும் கூடம் அது. அங்கே சூளை அவள் பொறுப்பு. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிரின்டரில் பீங்கான் பசையை இழை இழையாக அடுக்கி, சூளையில் சுட்டு இறக்கினால்தான் எலும்புக்கு ஈடாக நிற்கும். சுடாவிட்டால் வெறும் சாக்பீஸ்தான்.

"வாயில வைக்கிற சாமான் சார் இது! மென்னா மாவாப் போயிடும்."

"தெரியும்."

"நீங்க குடுத்த படத்துல துளையே காணோமே? துளை இருந்தாத்தானே உள்ளே ரத்தம் ஓடி எலும்பு வளரும்?"

"வேண்டாம்மா. வெளிப்பக்கம் வழவழன்னு இருந்தாப் போதும்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டியோடு சேர்த்துப் பாதித் தாடையை எடுத்துவிட்ட குழந்தை அது. ஏழு வயது. அதற்காகத்தான் இத்தனை நாளும் ஒன்று மாற்றி ஒன்றாகச் சுட்டு, மயிரிழை விரிசல் கண்டால்கூட உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனுக்கென்ன? ஏதாவது ஒன்றை வைத்துத் தைத்துவிட்டு, மாநாட்டில் போட்டோ காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொள்வார்.

"உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா சார்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"என் கையால தரமாட்டேன். அவங்க அம்மா வெளியில பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்காங்க. இப்பவே போய்ச் சொல்றேன், உங்க லட்சணத்தை!"

விறுவிறுவென்று கதவுக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய் தெரிந்தாள். மடியில் ஒரு போட்டோ. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் குழந்தையின் கன்னத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"போகாதீங்கம்மா." டாக்டர் குறுக்கே வந்தார். "கேட்டதே அவங்கதான்."

"அவங்களா? எதுக்கு?"

"குழந்தை காலையிலயே போயிடுச்சு. எடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை அந்த முகத்தை முழுசாப் பார்க்கணுமாம்."

சூளைக்காரம்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பிரின்டர் பக்கம் திரும்பினாள்.

"உள்பக்கத்தையும் நல்லாத் தேய்ச்சுத் தரேன் சார். இல்லேன்னா பிள்ளைக்கு உறுத்தும்."