சட்டம் போட்டு மாட்டிய பத்திரம்

அஞ்சலகத்தின் ஒரே மின்விசிறி அதிகாரியின் வழுக்கையைக் குறிவைத்தே சுற்றுகிறது. ஆனாலும் அவருக்கு வியர்க்கிறது. எதிரே பள்ளிக்கூடச் செயலாளர், மடிப்புக் கலையாத சட்டையில். நிறுவனர் படத்துக்குப் பக்கத்தில் ஐந்து வருடம் தொங்கிய சேமிப்புப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்திருக்கிறார். அதில் பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதுதான் வினை. “தனி ஆளுங்கதான் வாங்கலாமாம் சார். நிறுவனம் வாங்கினா வட்டி கிடையாது, போட்ட பணம் மட்டும்தான்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க,” என்று அதிகாரி மேசையிடம் சொல்கிறார். “பள்ளிக்கூடம் பேருல இருந்தா கெத்தா இருக்கும்னு சொன்னது யாரு?” என்கிறார் செயலாளர். “சொன்னதும் போட்டோ எடுக்க ஆளைக் கூட்டிட்டு வந்தது யாரு?” என்கிறார் அதிகாரி. பெஞ்சில் அதே பள்ளியின் ஆசிரியை உட்கார்ந்திருக்கிறார். அவர் வகுப்பின் ஒழுகும் கூரையை மாற்றத்தான் அந்த வட்டி. “மழைக்கு முன்னாடி கூரை ஆயிடுமான்னு பிள்ளைங்க கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?” என்கிறார், இருவரையும் பொதுவாகப் பார்த்து. செயலாளர் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைக்கிறார். அதிகாரியின் தலைக்கு மேலே ஒரு கேடயம் பளபளக்கிறது. அதிகப் பத்திரம் விற்றதற்காக, அதே பள்ளி விழாவில், இதே செயலாளர் கையால் வாங்கியது. ஆசிரியையின் பார்வை அங்கே போய் நிற்கிறது. அதிகாரி எழுந்து அதைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துத் தள்ளுகிறார். பெரிய கேடயம், பாதிக்கு மேல் போவேனா என்கிறது. செயலாளரும் எழுந்து வந்து கூடச் சேர்ந்து தள்ளுகிறார்.