முகமில்லா ஐவர்

"உன் புருஷனை எதுக்கு வரச் சொன்னே?" என்று கேட்டுக்கொண்டே பாடகர் சோபாவின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன் வர்றார்னு ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்று முணுமுணுத்தபடி கிட்டார்காரர் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் சொந்தக்காரி பாடகருக்குத் தங்கை, கிட்டார்காரருக்கு மனைவி. இருவருக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தாள்.

"முகமில்லா ஐவர் இன்னிக்கு முதல் தடவையா ஒத்திகைக்கு ஒண்ணு சேர்றாங்க. அவங்களைத் தூக்கி நிறுத்தினது உங்க பாட்டு. நீங்க ரெண்டு பேரும் இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?"

‘மின்னல் வண்டி’ இவர்கள் இருவரும் இளவயதில் சேர்ந்து உருவாக்கிய ராக் பாட்டு. ஒரு தலைமுறையே அதற்குத் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டது. பிறகு ஒரு மேடையில் கிட்டார்காரர் மச்சானைப் பாட விடாமல் வாசித்துக்கொண்டே போனார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பாடகர், நேரே போய்க் கிட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அன்றோடு குழுவும் போயிற்று, பேச்சும் போயிற்று. மகளின் பிறந்தநாளுக்குக்கூடத் தங்கை தன் வீட்டில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று என்று இரண்டு கேக் வாங்கிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் அதே பாட்டை, பேர் வாங்கிய ஐந்து கலைஞர்கள் இந்தக் கூடத்தில் மறுபடி பதிவு செய்தார்கள். வேகத்தைக் குறைத்து, தாலாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் வந்த நாளில் இன்னொருவர் வரவில்லை. பாட்டின் அட்டைப் படத்தில் ஐந்து நிழல்கள்தான். யார் யார் என்பது தங்கைக்கு மட்டுமே தெரியும்.

பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. பஸ்ஸில், சலூனில், பல் டாக்டரின் நாற்காலியில், எங்கே போனாலும் அதுதான். இப்போது பெரிய அரங்கம் ஒன்றில் நிகழ்ச்சிக்கு நாள் குறித்தாயிற்று. ஐவரும் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் எல்லாம் கெட்டது.

"மத்தவங்க வர்ற வரைக்கும் கேட்டுட்டிருங்க" என்று தங்கை பாட்டைப் போட்டாள்.

முதல் சரணம் முடிவதற்குள் பாடகருக்கு வாய் நமநமத்தது. "கேட்டியாம்மா? கிட்டார்னா இது! பாடறவன் வாயைத் திறந்ததும் மரியாதையா ஒதுங்கிக்கிறான் பாரு. சில பேர் மாதிரி, போட்டோ எடுக்கிறப்ப எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி வந்து நிக்கலே."

கணவர் சீறப்போகிறார் என்று தங்கை பாட்டை நிறுத்தக் கையைத் தயாராக வைத்திருந்தாள். அவரோ காது சிவக்கத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தொண்டையைச் செருமினார். "கிட்டார் கிடக்கட்டும். குரலைக் கேட்கச் சொல்லு உங்க அண்ணனை. முன்னாடி பாடினவரு பாட்டை விரட்டி விரட்டி அடிச்சாரு. இந்த மனுஷன் மடியில போட்டுத் தட்டிக் கொடுக்கிறாரு."

பாடகர் பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து, தேவைக்கு மேல் அதிக நேரம் டம்ளருக்குப் பின்னாலேயே இருந்தார்.

"அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? ரெண்டாவது சரணம் முடியறப்ப மூச்சை விட்டு அப்படியே நிறுத்துறாரே, அங்க எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"பின்னாடி கிட்டார் ஒத்தைக் கம்பியை மீட்டிக்கிட்டுத் துணைக்கு நிக்குதே. அந்தத் தைரியத்துலதான் நிறுத்த முடியுது."

நடுவில் ஆள் இல்லாமலே பேச்சு போய்க்கொண்டிருந்தது. தங்கை ஏதோ ஒயரைச் சரிசெய்வதுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டு, துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தப் பாடகரைப் பார்த்து ஒரு தடவை கையைப் பிடிச்சுக்கணும் மச்சான்."

மச்சான் என்று வந்துவிட்டது. சொன்னவர் திடுக்கிட்டார், கேட்டவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானா இருந்தா அந்தக் கிட்டார்காரனைக் கட்டியே பிடிச்சுக்குவேன், மாப்பிள்ளை" என்றார் பாடகர் மெல்ல. "அன்னிக்கு நான் ஒயரைப் பிடுங்கினது..."

"விடுங்க. நானும் கொஞ்சம் அதிகமாத்தான் இழுத்துட்டேன்."

"கொஞ்சமா? ஜனங்க எந்திரிச்சுப் போய் டீ குடிச்சுட்டு வந்தாங்க!"

கிட்டார்காரர் வெடித்துச் சிரித்தார். பாடகரும் சேர்ந்துகொண்டார். சோபாவின் நடுவில் இருந்த இடம் எப்போது காணாமல் போனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. டிரம்ஸ்காரரும் கீபோர்டு வாசிப்பவரும் பேஸ் கிட்டார்காரரும், வாசலில் அப்போதுதான் அறிமுகமான சந்தோஷத்தில், பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

டிரம்ஸ்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "நாங்க மூணு பேரும் ரெடிக்கா. பாடினவரும் லீட் கிட்டார் வாசிச்சவரும் இன்னும் வரலியா?"

சோபாவில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் மறுபடி பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

தங்கை சிரித்தாள். "அவங்க அப்பவே வந்தாச்சு. இவ்வளவு நேரமா ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்துட்டு உட்கார்ந்திருக்காங்க!"