மலைக்குப் போகும் மருமகள்

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க? கல்யாணமான பொண்ணு, கண்டவங்களோட மலையில போய் ராத்திரி படுத்துட்டு வர்றதாம்!"

மாமியார் கத்திய கத்தலில் அடுப்பிலிருந்த குக்கர்கூட விசிலடிக்க யோசித்தது.

"கண்டவங்க இல்ல அத்தை. கிளினிக்ல என்கூட வேலை பார்க்கிறவங்க. மூணு பேரும் பொம்பளைங்க" என்றாள் மருமகள்.

பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட் வேலை அவளுக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற ஊர்சனத்துக்கெல்லாம் நாள் முழுக்கச் சிரித்த முகமாக டோக்கன் கொடுக்கிறவள். வீட்டுக்கு வந்தால் சமையல், பாத்திரம், குழந்தை. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவள் கேட்டது இந்த ஒரு சனி ஞாயிறுதான்.

"எந்த மலைன்னு சொன்னே?"

"அணைக்குப் பின்னாடி இருக்கே, அந்தப் பெரிய மலை."

மாமியார் முகமே மாறிவிட்டது. "அந்த மலையா? உங்களுக்கு வேற மலையே கிடைக்கலையா? அட்டை ஏறி ரத்தத்தை உறிஞ்சிடும். பாதிக்கு மேல குடிக்கப் பொட்டுத் தண்ணி கிடையாது. ராத்திரிக் குளிர்ல பல்லு தந்தியடிக்கும். கூடவே கூடாது!"

டிவியில் எதையோ பார்த்துவிட்டு வந்து பயமுறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள் மருமகள்.

"நான் போகத்தான் போறேன் அத்தை."

"அப்படியா? நானும் என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன். குழந்தையை யார்கிட்ட விட்டுட்டுப் போறேன்னு பார்த்துடறேன்!"

மாதம் ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போவது மாமியாருக்கு வழக்கம்தான். போய்வந்து இரண்டு நாளைக்கு முட்டியில் தைலம் தேய்த்துக்கொள்வார். அங்கே மாடிப்படி அதிகமாம். இந்தத் தடவை அந்தப் பயணத்தையே மருமகள் கழுத்தில் கத்தியாக வைத்துவிட்டார். சனிக்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

விஷயத்தைக் கேட்டதும் கிளினிக் நர்ஸ் போனில் அலுத்துக்கொண்டாள். "பேசாம டியூட்டி இருக்குன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"நான் என்ன திருடவா போறேன்? எதுக்குடி பொய் சொல்லணும்?" சொல்லும்போதே கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு விட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை என்று பட்டது.

முதுகுப்பையை அவள் மாட்டுவதைப் பார்த்துக் கணவன் பதறினான். "அம்மாவும் இல்ல, நீயும் போயிட்டா குழந்தையை யார் பார்த்துக்குவா?"

"அப்பா பார்த்துக்குவாரு."

"யாரு, மாமாவா? அவர் ஊர்லல்ல இருக்கார்!"

"எங்கப்பா இல்லீங்க. குழந்தையோட அப்பா!"

சொல்லிக்கொண்டே குழந்தையை அவன் இடுப்பில் ஏற்றிவிட்டாள். "பால் ஃபிரிட்ஜ்ல இருக்கு. அழுதா தூக்கிவச்சுக்கிட்டு நடங்க. தினமும் நான் அதைத்தான் பண்றேன்."

தெருமுனை வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று அவளுக்கே தெரியும்.

மலையடிவாரத்தில் தூறிக்கொண்டிருந்தது. இவர்களைப் போலவே கூடாரமும் கையுமாக இன்னும் சிலர் காத்திருந்தார்கள்.

"கேப்டன் வந்ததும் ஏறிடலாம்" என்றாள் நர்ஸ். "இந்த மலையில அவங்களுக்குத் தெரியாத கல்லு கிடையாது. ஆனா செம கண்டிப்பு. புதுசா வர்றவங்களை நிக்கவச்சுக் கேள்வி கேட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

முறுக்கு மீசையும் அதட்டல் குரலுமாக ஒரு பழைய ராணுவக்காரரை மருமகள் கற்பனை செய்துகொண்டாள். கேட்கட்டுமே! வீட்டில் அத்தனை சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

கேப்டன் வந்தார். மழைக்கோட்டின் குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, ஷூ முடிச்சை இழுத்துப் பார்த்தபடியே நகர்ந்தார். மருமகளின் ஷூ லேஸ் தொளதொளவென்று கிடந்தது. அதை அவரே இறுக்கிக் கட்டினார்.

"புதுசா?" என்று நிமிராமலே கேட்டார். "வீட்டுல சொல்லிட்டு வந்தியாம்மா? பொய் சொல்லிட்டு வர்ற யாரையும் நான் மலையேத்த மாட்டேன்."

கேட்டுவிட்டு நிமிர்ந்தவர், நிமிர்ந்தபடியே உறைந்துபோனார். குல்லாவுக்குள் தெரிந்த முகத்தை மருமகள் ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன் அத்தை. நீங்க?"