சந்தனக் காப்பு

"இன்னுங் கொஞ்சம் அப்பு. நடுவுல கோடு தெரியுது பாரு" என்றார் திருமூர்த்தி, கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நின்றபடி.

கீதா சந்தனக் கிண்ணத்தோடு தயங்கினாள். "ஏனுங்க, தழும்பு மேல கண்டதையும் பூச வேண்டாம்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க. அந்த ஜெல்லைத் தவிர வேற எதுவும் கூடாதுன்னாருங்க."

"ஜெல்லு போட்டாத் தழும்பு மறையும்னும் அவருதான் சொன்னாரு. மறைஞ்சுதா?"

மறையவில்லைதான். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. வேளை தவறாமல் ஜெல் தடவி, வெயில் படாமல் பொத்திப் பொத்தி, அரித்தாலும் சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தழும்பைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார். அதுவோ செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை மாதிரி, தொண்டைக்குழிக்குக் கீழே தலைவைத்து மேல்வயிறு வரை காலை நீட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது.

ஊருக்கு இந்த விஷயம் தெரியாது. மகள் வர்ஷினிக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அப்பனுக்கு நெஞ்சு நோய் என்று வெளியே போனால், 'ரத்தத்துலயே இருக்கும்' என்று எவனாவது கிளப்பிவிடுவான், வருகிற சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிவிடும் என்று அவருக்குப் பயம். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம், வால்பாறையில் நண்பரின் எஸ்டேட்டில் ஓய்வெடுக்கிறார் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள். பாதி உடம்பாகத் திரும்பி வந்தவரைப் பார்த்து, பீளமேட்டில் அவருடைய பம்ப்செட் கடைக்கு வந்தவர்கள், "வால்பாறைத் தண்ணி ஒத்துக்கலீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நல்லவேளையாக, காரமடைப் பக்கமிருந்து சென்னியப்பன் வீட்டுச் சம்பந்தம் தானாகவே தேடி வந்தது. பையன் மிதுன் குணத்தில் தங்கம். பெரியவர்களும் எதையும் துருவிக் கேட்கவில்லை. எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் சென்னியப்பன் போனில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எங்க குலசாமிகிட்டப் பூவாக்குக் கேட்டுப்போட்டுத்தானுங்க நிச்சயம் பண்ணுவோம். வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் தனித்தனியாப் பொட்டலங் கட்டிச் சாமி முன்னால வெச்சு ஒண்ணை எடுக்கறதுங்க. வெள்ளை வந்தாச் சம்மதம். ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வரோணுமுங்க."

அதற்குத்தான் இந்தச் சந்தனம்.

வர்ஷினி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இதெல்லாம் வேண்டாமுங்க. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஆபரேஷன் பேச்சையே எடுக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது கண்ணு? நிச்சயம் முடியற வரைக்கும் வாயைத் தொறக்காதே."

அவள் ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோயிலில் சென்னியப்பன் அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். "சாமிக்குக்கூட இத்தனை சந்தனம் சாத்துனதில்லீங்க சம்பந்தி."

"வேண்டுதலுங்க" என்றார் திருமூர்த்தி.

"வால்பாறையில வாங்குன சந்தனமுங்களா?"

"ஆமாங்க. குளுருக்கு நல்லதுங்க."

குளிருக்கும் சந்தனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே விளங்கவில்லை. சென்னியப்பன் சிரிக்காமல் தலையாட்டினார். அவர் மனைவி பூங்கொடி மட்டும் வைத்த கண் வாங்காமல் திருமூர்த்தியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி வெயில். சந்தனம் காய்ந்து இழுக்க ஆரம்பித்தது. அடியில் தழும்பு அரிக்கத் தொடங்கியது. சொறியவும் முடியாது, சும்மா நிற்கவும் முடியாது. முருகா, மாரியாத்தா, ரங்கநாதா என்று தெரிந்த சாமி பேரையெல்லாம் முனகினார்.

"விடாம மந்திரஞ் சொல்றாரு பாரு" என்று யாரோ மெச்சினார்கள்.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளைப் பூ. திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு சம்பந்தியும் சாமி முன்னால விழுந்து கும்புடுங்க" என்றார் பூசாரி.

சந்தோஷத்தில் யோசிக்காமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார் திருமூர்த்தி. கும்பிட்டு எழுந்தார். சந்தனம் எழவில்லை. பாளம் பாளமாகப் பெயர்ந்து கல்தரையிலேயே தங்கிவிட்டது. நெஞ்சின் நடுவில் தழும்பு பளிச்சென்று நின்றது.

கீதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். திருமூர்த்திக்கு இனி மறைக்க எதுவும் இல்லை.

"பைபாஸ் ஆபரேஷனுங்க" என்றார் உடைந்த குரலில். "மறைச்சது நாந்தானுங்க. என்ற பொண்ணு மேல ஒரு குத்தமும் கெடையாது. என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க. அவளை மட்டும் வேண்டாம்னு சொல்லிப்போடாதீங்க."

சென்னியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. பூங்கொடி துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து நீட்டினாள்.

"மொதல்ல மிச்சத்தைத் தொடைங்கண்ணா, தழும்புல கண்டதையும் பூசப்படாது" என்றாள். "நெஞ்சு ஆபரேஷன் பண்ணி நானும் அதே டாக்டர்கிட்டத்தானுங்க செக்கப்புக்கு வந்தேன். நீங்க உள்ள இருக்கறப்பவெல்லாம் வெளிய பெஞ்சுல உக்காந்து, ஜெல்லு எப்படிப் போடறதுன்னு எனக்குப் பொறுமையாச் சொல்லிக் குடுத்த புள்ளைகிட்டயே உங்க ஊட்டு விலாசத்தை வாங்கித்தானுங்க பொண்ணுக் கேட்டு வந்தோம்."